நலத்திட்ட உதவிகளில் தானியங்கி மோசடிக் கண்டறிதல்: தீங்கு எங்கே நடக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடித்து எதிர்ப்பது – முழுமையான வழிகாட்டி

உதவித்தொகை பெறுவோரின் பட்டியலைக் கணினி நிரல் ஒன்று அலசுகிறது. சிலர் பெயருக்கு எதிரே சந்தேகக் குறி விழுகிறது. அடுத்த மாதம் அவர்களுக்குப் பணம் வருவதில்லை, அல்லது வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மிகக் கடுமையாக அடிபட்டவர்கள், எதிர்த்து நிற்கக் கையில் பணமோ நேரமோ இல்லாதவர்கள்தான்.

பயனாளிகளோடு நிற்கும் தன்னார்வலர்கள், வழக்கறிஞர்கள், செய்தியாளர்கள், துறைக்குள்ளேயே இருந்து கேள்வி கேட்க நினைக்கும் அலுவலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். நோட்டீஸ் இப்போதே கையில் இருப்பவர்கள் நேராக ஏழாம் படிக்குப் போகலாம். காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கணினி தவறாகச் சந்தேகிப்பதால் மட்டும் யார் வீட்டு அடுப்பும் அணைந்துவிடாது. சந்தேகம் நிரூபிக்கப்படாமலேயே தண்டனையாக மாறும் கண்ணி ஒன்று இந்த அமைப்புகளின் சங்கிலியில் எங்கோ இருக்கிறது. அல்காரிதம், அதாவது கணினி பின்பற்றும் முடிவு விதிகள், எவ்வளவு துல்லியமானது என்ற விவாதத்தில் மாதக்கணக்கில் மூழ்கிப்போகிறவர்கள் அந்தக் கண்ணியைத் தவறவிடுகிறார்கள்.

படி 1: பாதையை முழுதாக வரையுங்கள்

ஒரு பெரிய தாளில் இடமிருந்து வலமாக எழுதுங்கள்: தரவு எந்தெந்தத் துறையிலிருந்து வருகிறது, எதை வைத்து ஒருவரோடு பொருத்தப்படுகிறது, சந்தேகக் குறி எப்படி விழுகிறது, அதை யார் பார்க்கிறார், கடிதம் எந்த வழியில் போகிறது, பணம் எப்போது நிற்கிறது, வசூல் எப்படி நடக்கிறது, மேல்முறையீடு எங்கே. ஒவ்வொரு கண்ணியிலும் நான்கு கேள்விகள்: உள்ளே வருவது என்ன? எந்தச் சட்டப் பிரிவு இதை அனுமதிக்கிறது? யார் கையெழுத்திடுகிறார்? பயனாளி பதிலே சொல்லாவிட்டால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2013 அக்டோபர் முதல் 2015 ஆகஸ்ட் வரை வேலையின்மை உதவிக்காக இயங்கிய ‘மிடாஸ்’ அமைப்பு, முரண்பாடு ஒன்று தென்பட்டதும் கொள்குறி வினாத்தாள் ஒன்றை அனுப்பியது. பதில் தரப் பத்து நாள். உதவி பெறுவதை நிறுத்தி வெகுகாலம் ஆனதால் யாரும் திறந்தே பார்க்காத இணையக் கணக்குகளுக்குப் பல வினாத்தாள்கள் போயின. பதில் வராவிட்டால் மோசடி என்று முடிவாகிவிடும். பெற்ற தொகையோடு அதைப்போல நான்கு மடங்கு அபராதம், மேலே வட்டி. சுமார் 40,000 பேர் மீது பொய்க் குற்றச்சாட்டு விழுந்தது. மனிதர் தலையீடே இல்லாமல் கணினி முடிவு செய்த 22,427 வழக்குகளைப் பின்னர் மறு ஆய்வு செய்தபோது 93 விழுக்காட்டில் மோசடியே இல்லை. அங்கே மிகப் பெரிய தீங்கைச் செய்தது, மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்ட விதி.

வரைந்து முடித்ததும் அமைப்பு எந்த வகை என்று குறியுங்கள். இரண்டு துறைகளின் பதிவுகளை ஒப்பிட்டு முரண்பாடு தேடுவது ஒரு வகை. ‘வருமானம் இதற்கு மேல் போனால் குறி’ என்ற நிலையான விதி இன்னொரு வகை. பழைய விசாரணைகளிலிருந்து கற்றுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் இடர் மதிப்பெண் போடுவது மூன்றாவது. செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் இருந்தால்தான் ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். உதவித்தொகை பெற்றவர்கள் மீது கடன் விதிக்க ஆஸ்திரேலிய அரசு நடத்திய ‘ரோபோடெப்ட்’ திட்டம் செய்தது வெறும் வகுத்தல் கணக்கு.

படி 2: பொருத்தம் சரிதானா என்று பாருங்கள்

‘இவர் பெயரில் கார் இருக்கிறது, ஆகவே தகுதியில்லை’ என்று கணினி சொன்னால், அந்தக் காரின் உரிமையாளரும் இவரும் ஒரே ஆள் என்று எப்படி முடிவு செய்தது? தனித்த அடையாள எண் எல்லாத் துறைகளிலும் ஒன்றாக இருந்தால் பிழை குறையும். இல்லாத இடத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றின் ஒற்றுமையை வைத்து ஊகிக்கிறது.

இந்த ஊகம் எவ்வளவு பலவீனமானது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் பேர் கொண்ட ஒரு பட்டியலில் வயதுகள் 60 ஆண்டுகளுக்குள் பரவியிருந்தால் மொத்தம் ஏறக்குறைய 21,900 பிறந்த நாட்கள். ஆக ஒரே நாளில் பிறந்தவர்கள் சராசரியாக 45 பேருக்கு மேல். இதில் பெயர் ‘கிட்டத்தட்ட’ ஒத்துப்போனால் போதும் என்று தளர்த்திவிட்டால், பரவலாகப் புழங்கும் பெயர் உள்ளவர்கள் அடுத்தவரின் சொத்தைச் சுமக்க நேரும். பதிவு செய்யும்போது பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஒரு தேதியில் ஆயிரக்கணக்கானோர் குவிந்திருப்பார்கள்.

தெலங்கானாவில் பல துறைப் பதிவுகளை இணைக்கும் ‘சமக்ர வேதிகா’ அமைப்பில் இந்தச் சிக்கல்தான் வெளிப்பட்டது. பிறர் வாகனம் தன் குடும்பத்தின் பெயரில் ஏறியதால் உணவு அட்டையை இழந்தவர்கள் இருந்தார்கள். ரத்து செய்த அட்டைகளை நேரில் சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

துறையிடம் கேட்க வேண்டியவை: பொருத்தத்துக்குப் பயன்படுத்திய புலங்கள் (பெயர், பிறந்த தேதி போன்ற தகவல் இனங்கள்) எவை, எத்தனை விழுக்காடு ஒற்றுமை இருந்தால் ‘அதே ஆள்’ என்று கொள்ளப்படுகிறது, அந்த எல்லையை யார், எந்தச் சோதனைக்குப் பிறகு நிர்ணயித்தார், மூலப் பதிவு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது. விற்றுவிட்ட வாகனம், இறந்தவர் பெயரில் மாற்றாமல் கிடக்கும் நிலம், மூடிய வங்கிக் கணக்கு ஆகியவை பழைய பதிவுகளில் உயிரோடு இருக்கும். ஒரு துறை தன் தேவைக்காக வைத்திருந்த தரவு, இன்னொரு துறை தண்டனை தருவதற்குப் போதுமான தரத்தில் இருப்பதில்லை.

படி 3: கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

ரோபோடெப்ட் 2016-இல் முழு வேகத்தில் தொடங்கியது. வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை 26 இரு-வாரப் பகுதிகளாகச் சமமாகப் பிரித்து, பயனாளி ஒவ்வொரு இரு வாரத்துக்கும் தெரிவித்த வருமானத்தோடு ஒப்பிட்டது. வித்தியாசம் இருந்தால் கடன்.

இதில் கோளாறு எங்கே? ஒருவர் ஆண்டின் முதல் பாதியில் 13 பகுதிகளில் தலா 2,000 சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். பிறகு வேலை போகிறது. மீதி 13 பகுதிகளில் வருமானம் பூஜ்யம், உதவித்தொகை வாங்குகிறார், வருமானம் பூஜ்யம் என்று நேர்மையாகவே எழுதித் தருகிறார். ஆண்டு மொத்தம் 26,000. சராசரி 1,000. இப்போது கணினியின் கண்ணுக்கு அவர் 13 தடவை தலா 1,000-ஐ மறைத்தவர். ஒரு பொய்கூடச் சொல்லாதவர் மீது அரையாண்டுக்கான கடன் எழுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு இந்தச் சராசரி பொருந்தலாம். கூலி, பருவ வேலை, பகுதி நேர வேலை செய்பவர்களுக்கு, அதாவது உதவி அதிகம் தேவைப்படுபவர்களுக்கு, இது எப்போதும் பொருந்தாது. மிடாஸிலும் காலாண்டு வருமானத்தை வாரங்களுக்குப் பங்கிட்ட இதே பிழை இருந்தது.

ஆஸ்திரேலியாவில் முன்பு முரண்பாடு தென்பட்டால் அலுவலர் விசாரித்து, வேண்டுமானால் முதலாளியிடமே விவரம் கேட்டுப் பெறுவார். அந்த வேலையை நீக்கிவிட்டு, பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து நிரபராதி என்று நிரூபிக்கும் சுமையை மக்கள் தலையில் வைத்தார்கள். மிச்சமானதாகச் சொல்லப்பட்ட பணம் உண்மையில் இந்த இடமாற்றத்திலிருந்து வந்தது. 2019 நவம்பரில் நீதிமன்றத்தில், சராசரியை மட்டும் வைத்துக் கடன் விதித்தது சட்டப்படி செல்லாது என்று அரசே ஒப்புக்கொண்டது. 2020 மே மாதம் 4,70,000 கடன்களுக்காக 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் திருப்பித் தரப்படும் என்று அறிவித்தது. 2023-இல் அறிக்கை தந்த அரச விசாரணை ஆணையம், திட்டத்தின் சட்டப் பொருத்தம் குறித்து உள்ளிருந்தே எச்சரிக்கைகள் எழுந்ததையும் அவை புறந்தள்ளப்பட்டதையும் விரிவாகப் பதிவு செய்தது.

ஆகவே ஏதேனும் ஐந்து உண்மையான வழக்குகளை எடுத்து, துறையின் சூத்திரத்தைக் காகிதத்தில் நீங்களே போடுங்கள். சராசரி, பங்கீடு, ஊகம் எங்கே நுழைகிறதோ அங்கே வட்டமிடுங்கள். உதவித்தொகைச் சட்டம் எந்தக் கால அலகில் வருமானத்தைப் பார்க்கச் சொல்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வழக்குக்கு அதுவே போதும்.

படி 4: மதிப்பெண் போடும் அமைப்பானால், பயிற்சித் தரவைத் தோண்டுங்கள்

இத்தகைய அமைப்பு மோசடியைக் கற்றுக்கொள்வதில்லை. முன்பு யாரை விசாரித்தார்கள், யாரிடம் குற்றம் கண்டார்கள் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. விசாரிக்கப்படாதவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு பகுதியில் அதிகம் தேடினால் அங்கே அதிகம் கிடைக்கும். அதிகம் கிடைத்ததால் அங்கேயே மறுபடி தேடச் சொல்லும்.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரம் 2017 முதல் 2021 வரை பயன்படுத்திய, இடர் மதிப்பெண் போடும் கணினி மாதிரியில் 315 மாறிகள், அதாவது ஒருவரைப் பற்றிய தகவல் இனங்கள், இருந்தன. பாலினம், பிள்ளைகள், மொழித்திறன், அலுவலர் தன் அபிப்பிராயமாக எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் அதில் உண்டு. அதே நாட்டின் வரித்துறை, குழந்தைப் பராமரிப்பு உதவிக்கான இடர் மாதிரியில் குடியுரிமையை ஒரு காரணியாகவே வைத்திருந்தது. குறி விழுந்தவர்களின் கோப்பு அலுவலரிடம் வந்தபோது மதிப்பெண் ஏன் உயர்ந்தது என்ற விவரம் அவருக்கும் தரப்படவில்லை. படிவத்தில் சிறு குறை இருந்தாலும் ஆண்டு முழுவதன் உதவியையும் திருப்பிக் கட்டச் சொன்ன கடுமையான விதி கூடவே சேர்ந்துகொள்ள, பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் விழுந்தன. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அரசு இதற்காகப் பதவி விலகியது. மதிப்பெண்ணும் கொடும் விதியும் சேர்ந்துதான் இந்த நாசத்தைச் செய்தன. ஒன்றை மட்டும் திருத்தியிருந்தால் போதாது.

இனம், மதம் போன்ற புலங்களை நீக்கிவிட்டோம் என்று துறை சொன்னால் அங்கே நிறுத்த வேண்டாம். வசிக்கும் பகுதி, பெயரின் நீளம், வீடு மாறிய எண்ணிக்கை, பணம் கட்டத் தாமதமான முறைகள் ஆகியவை அதே தகவலைப் பின்வாசல் வழியே கொண்டுவரும். ஒவ்வொரு மாறிக்கும் ‘இது மோசடிக்கு அடையாளமா, வறுமைக்கு அடையாளமா?’ என்று கேளுங்கள். வேலையில்லாமை, குறைந்த வருமானம், உடல் ஊனம் எல்லாம் உதவி பெறவே தகுதியான காரணங்கள். அவையே சந்தேகத்துக்கும் காரணமானால் திட்டம் தன்னையே தின்கிறது.

நல்ல நோக்கத்தோடு செய்தாலும் இது எளிதல்ல. ஆம்ஸ்டர்டாம் நகரம் பாரபட்சத்தை அளந்து, திருத்தி, வெளியாரிடம் கருத்தும் கேட்டு ஒரு மாதிரியை உருவாக்கியது. 2023-இல் நேரடிச் சோதனையில் இறக்கியபோது பாரபட்சம் வேறு பிரிவினர் பக்கம் திரும்பி மீண்டும் தலைகாட்டியது. நகரம் அதைக் கைவிட்டது. சோதித்துப் பார்த்துக் கைவிட்ட அந்த நேர்மையை எல்லாத் துறைகளிடமும் கேட்க வேண்டும்.

படி 5: எண்களைக் கேளுங்கள், சரியான எண்களை

‘எங்கள் அமைப்பு 95 விழுக்காடு துல்லியம்’ என்ற பேச்சு எதையும் சொல்லாது. ஒரு லட்சம் பயனாளிகள். அதில் 2 விழுக்காடு, அதாவது 2,000 பேர், உண்மையிலேயே மோசடி செய்கிறார்கள் என்று வையுங்கள். அமைப்பு மோசடிக்காரர்களில் 90 விழுக்காட்டைப் பிடிக்கிறது: 1,800. நேர்மையானவர்கள் 98,000 பேரில் 5 விழுக்காட்டினர் மீது மட்டும் தவறாகக் குறி போடுகிறது: 4,900. மொத்தக் குறிகள் 6,700. குறி விழுந்தவர்களில் ஏறக்குறைய 73 விழுக்காட்டினர் நிரபராதிகள். மோசடி அரிதாக இருக்கும் இடத்தில் நல்ல கருவிகூட இப்படித்தான் நடந்துகொள்ளும். பிரிட்டனில் வீட்டு வாடகை உதவிக்கான அமைப்பு மூன்று ஆண்டுகளில் அதிக இடர் என்று காட்டியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு முறையானவை என்று 2024-இல் தெரியவந்தது; தேவையில்லாமல் விசாரிக்கப்பட்டோர் 2,00,000-க்கு மேல்.

கேட்க வேண்டிய எண்கள் இவை. குறி விழுந்தோர் எத்தனை பேர், விசாரணை நடந்தது எத்தனை பேருக்கு, மேல்முறையீடுகள் முடிந்த பிறகும் மோசடி என்றே நின்றவை எத்தனை. முடிவுக்கு முன்பே பணம் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர், தவறு என்று தெரிந்த பின் பணம் திரும்பச் சராசரியாக எத்தனை நாள் ஆனது. மோசடியையும் பிழையையும் தனித்தனியாகக் கேளுங்கள்; படிவத்தைத் தவறாக நிரப்பியவரையும் திட்டமிட்டு ஏமாற்றியவரையும் ஒரே எண்ணில் அடைப்பது வழக்கம். மேல்முறையீடு செய்யாதவர்களையெல்லாம் ‘நிரூபணமானது’ என்ற கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பயந்தோ, படிக்கத் தெரியாமலோ சும்மா இருந்தவர்கள் அப்போது அமைப்பின் வெற்றியாகப் பதிவாகிறார்கள்.

பிரிவுவாரியாகக் கேட்கும்போது, குறி விழுந்தோரின் விகிதத்தோடு நிறுத்தாமல், நிரபராதிகளில் எத்தனை விழுக்காட்டினர் மீது குறி விழுந்தது என்று கேளுங்கள். ஒரு பிரிவில் 10,000 நிரபராதிகளில் 200 பேர், இன்னொன்றில் 2,000-இல் 120 பேர் என்றால், எண்ணிக்கையில் முதலாவது பெரிது. ஆனால் இரண்டாம் பிரிவினர் மும்மடங்கு துன்பப்படுகிறார்கள். சேமிப்பு என்று காட்டும் தொகையிலும் கவனம் வேண்டும். விதித்த கடனையா, வசூலான பணத்தையா, திருப்பித் தந்ததைக் கழித்த பிறகு மிஞ்சியதையா சொல்கிறார்கள்?

இந்த எண்கள் எதுவும் இல்லை என்று துறை பதில் தந்தால் அதையே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அளக்காமல் மக்களைத் தண்டித்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று.

படி 6: ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

‘அல்காரிதம் பற்றிய எல்லாத் தகவலும்’ என்று தகவல் உரிமை மனு போட்டால் மறுப்பதற்கு எளிது. தனித்தனி மனுவாக, பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பும் ஒப்பந்தமும் (குறி விழுந்தோரின் எண்ணிக்கை அல்லது சேமிப்பைப் பொறுத்து நிறுவனத்துக்குப் பணம் தரும் விதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்), புலங்களின் பட்டியல், சோதனை அறிக்கை, தனியுரிமைத் தாக்க மதிப்பீடு, சட்டப் பிரிவின் கருத்துரை, அலுவலர் கையேடு, கடித மாதிரிகள். வணிக ரகசியம் என்று மூல நிரலை மறுத்தாலும் கையேட்டையும் கடித மாதிரிகளையும் மறுப்பது கடினம். பெரும்பாலான தீங்கு அவற்றிலேயே தெரிந்துவிடும்.

‘இறுதி முடிவு மனிதரே எடுக்கிறார்’ என்பார்கள். ஓர் அலுவலர் ஒரு நாளில் எத்தனை கோப்புகளை முடிக்கிறார், எத்தனை விழுக்காட்டில் கணினியின் குறியை நிராகரித்தார் என்று கேளுங்கள். ஒரு கோப்புக்கு மூன்று நிமிடம், நிராகரிப்பு ஏறக்குறைய பூஜ்யம் என்றால் அங்கே நடப்பது முத்திரை குத்தும் வேலை. நிராகரிக்கும் அலுவலர் விளக்கம் எழுத வேண்டும், ஒப்புக்கொள்பவர் எழுத வேண்டாம் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். களைத்துப்போன ஓர் அலுவலர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை அந்த விதியே தீர்மானித்துவிடும்.

சட்டப் போராட்டத்துக்கு முன்மாதிரி உண்டு. பல துறைத் தரவுகளை இணைத்து மோசடி தேடிய நெதர்லாந்தின் ‘சிரி’ அமைப்பை, வெளிப்படைத்தன்மை இல்லாமல் தனிவாழ்வு உரிமையில் தலையிடுகிறது என்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2020 பிப்ரவரி 5 அன்று செல்லாததாக்கியது. யாரும் அதன் உள்ளே பார்க்க முடியவில்லை என்பதே வாதத்துக்கு வலுவாக அமைந்தது.

படி 7: நோட்டீஸ் வந்தவர் செய்ய வேண்டியவை

உறையை எறிய வேண்டாம். அஞ்சல் முத்திரைத் தேதி, கையில் கிடைத்த தேதி, கடிதத்தில் உள்ள தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். குறுஞ்செய்தியாகவோ இணையக் கணக்கிலோ வந்திருந்தால் திரையைப் படமெடுங்கள். காலக்கெடு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பதில் பல வழக்குகள் நிற்கின்றன.

முழு விளக்கம் தயாராகும்வரை காத்திருக்காமல், அன்றோ மறுநாளோ சுருக்கமான பதில் ஒன்றை அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். அதில் நான்கு வரி போதும்: இந்தக் குற்றச்சாட்டை மறுக்கிறேன், இதற்கு அடிப்படையான பதிவுகளின் நகலையும் காலவாரியான கணக்குத் தாளையும் தாருங்கள், விளக்கம் தரக் கூடுதல் அவகாசமும் நேரில் விசாரணையும் வேண்டும், முடிவு வரும்வரை உதவியை நிறுத்தவோ பிடித்தம் செய்யவோ வேண்டாம்.

தவணையில் கட்டுவதற்கான ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டதாக அதை எடுத்துக்கொள்வார்கள். கட்டியே ஆக வேண்டிய நெருக்கடி என்றால் ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதிக் கட்டுங்கள்.

அடுத்து ஓர் அட்டவணை. இடது பக்கம் உதவி வழங்கப்படும் கால அலகு, வாரமோ மாதமோ. அடுத்தடுத்து: அப்போது உண்மையில் வந்த வருமானம், நீங்கள் தெரிவித்தது, துறை சொல்வது, உங்களிடம் உள்ள சான்று. சம்பளச் சீட்டு இல்லையென்றால் வங்கிக் கணக்கு அறிக்கை. அதுவும் இல்லையென்றால் முதலாளியின் கடிதம், வருகைப் பதிவு, உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம். எந்த வரிசையில் துறையின் எண் பிசகுகிறது என்பது அட்டவணையைப் பார்த்தவுடன் தெரியும். அந்த வரிசைகளைப் பற்றி மட்டும் வாதாடுங்கள்.

அடுத்தவரின் சொத்தோ வாகனமோ உங்கள் பெயரில் ஏறியிருந்தால், உதவித்தொகைத் துறையோடு மட்டும் போராடிப் பயனில்லை. எந்தத் துறையின் பதிவு தவறோ அங்கே போய்த் திருத்தச் சொல்லி, ‘இவர் பெயரில் இல்லை’ என்ற சான்று வாங்க வேண்டும். மூலத்தில் திருத்தாவிட்டால் அடுத்த மாத ஓட்டத்தில் அதே குறி மறுபடி விழும்.

உணவு, மருந்து, வாடகை நின்றுபோகும் நிலை இருந்தால் மேல்முறையீட்டோடு இடைக்கால நிவாரணமும் கேளுங்கள். மருத்துவர் சீட்டு, வீட்டு உரிமையாளரின் நோட்டீஸ் போன்றவற்றை இணையுங்கள். அதே பகுதியில் இன்னும் பலருக்கு ஒரே வாசகத்தில் நோட்டீஸ் வந்திருக்கும். அவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள், தனித்தனியாக யாரும் விசாரிக்கவில்லை என்பதைக் காட்டும்.

வென்ற பிறகு நான்கு வேலைகள் மிச்சமிருக்கும். குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றதாக எழுத்தில் வாங்க வேண்டும். பிடித்த பணம், அபராதம், வட்டி அனைத்தும் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்க வேண்டும். வசூல் நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் தகவல் போயிருந்தால் அங்கும் திருத்தச் சொல்ல வேண்டும். நான்காவது, உங்கள் பெயர் ஏதேனும் உள் சந்தேகப் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று எழுதிக் கேட்பது. நெதர்லாந்து வரித்துறையின் அத்தகைய பட்டியலில் சுமார் 2,70,000 பேர் தங்களுக்கே தெரியாமல் இருந்தார்கள். பலர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். அந்தப் பட்டியலுக்காக 2022-இல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 37 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஆகவே ‘என் பெயர் இருந்த பட்டியல்கள் எவை, எந்தத் தேதியில் நீக்கப்பட்டது, யாருக்கெல்லாம் பகிரப்பட்டது’ என்ற மூன்று கேள்விகளுக்கும் தேதியிட்ட பதில் வரும்வரை கோப்பை மூடாதீர்கள்.